எருசலேம் முற்றுகை: எந்த வசனத்துக்கு எந்தச் சாட்சி?

"வேதாகமத்தில் இருப்பதெல்லாம் உண்மையாக நடந்ததா?" என்று வாலிபர் வகுப்பில் யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு அப்படியே பதில் சொல்லப் போகாதீர்கள். முழுப் புத்தகத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒரே அதிகாரத்தில் ஒரு வசனத்துக்கு வெளிச்சாட்சி நிறைய இருக்கும், அடுத்த வசனத்துக்கு ஒன்றும் இருக்காது. அட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்து ஆலயங்களில் வேதபாடம் எடுப்பவர்கள் இதைப் பழக்குவதற்கு 2 இராஜாக்கள் 18, 19ஆம் அதிகாரங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அசீரிய ராஜா சனகெரிப் கி.மு. 701இல், எசேக்கியா ராஜாவாக இருந்த யூதா நாட்டின்மேல் படையெடுத்த கதை அது.

கரும்பலகையில் நான்கு பத்தி கீறுங்கள். முதலாவது வேதாகமம். இரண்டாவது, சனகெரிப் தன் வெற்றிகளை எழுதிவைத்த களிமண் பட்டகங்கள். ஆறு முகம் கொண்ட அவற்றில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாவது, அசீரியத் தலைநகர் நினிவேயின் அரண்மனைச் சுவரில் இருந்த, யூதாவின் பட்டணமான லாகீஸ் முற்றுகைச் சிற்பங்கள். நான்காவது, லாகீஸின் மண். இனி ஒவ்வொரு செய்தியையும் ஒரு வரியாக எழுதி, எந்தப் பத்தியில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

யூதாவின் அரணான பட்டணங்கள் விழுந்தன என்கிறது வேதாகமம். 46 பட்டணங்களைப் பிடித்ததாகச் சொல்கிறது பட்டகம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. லாகீஸ் விஷயம் இன்னும் சுவையானது. சனகெரிப் அங்கே பாளயமிறங்கியிருந்ததை வேதாகமம் சொல்கிறது, ஆனால் பட்டணம் விழுந்தது என்று சொல்லவில்லை. பட்டகத்திலோ லாகீஸின் பெயரே கிடையாது. அது விழுந்ததைச் சிற்பம்தான் காட்டுகிறது. அகழ்ந்து பார்த்தபோது மதிலுக்கு எதிரே அசீரியர் கொட்டிய முற்றுகை மேடும், அம்பு முனைகளும், எரிந்த அடுக்கும் கிடைத்தன. எழுத்து மௌனமாக இருந்த இடத்தில் கல்லும் மண்ணும் பேசுகின்றன.

கப்பத்துக்கு வருவோம். அசீரிய ராஜா எசேக்கியாவின்மேல் 30 தாலந்து (பழங்கால எடை அளவு) பொன்னும் 300 தாலந்து வெள்ளியும் சுமத்தினான் என்கிறது 18:14. பட்டகத்தில் பொன் அதே 30, வெள்ளி 800. இங்கேதான் இரு தரப்பும் வழுக்குகிறது. விசுவாசத்தைக் காக்க நினைப்பவர் பொன்னை மட்டும் காட்டுகிறார், மறுப்பவர் வெள்ளியை மட்டும். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். எதிரிகளான இரண்டு தரப்பு 30 என்ற எண்ணில் ஒத்துப்போவது பலமான சாட்சி. வெள்ளிக் கணக்கு வேறுபடுவதால், ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்படவில்லை என்றும் தெரிகிறது. கப்பம் எப்போது போனது என்பதிலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. அந்த வரியைத் திறந்தே வையுங்கள்.

எருசலேம் பிடிபடவில்லை. எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்துவைத்தேன் என்று பெருமையடிக்கும் சனகெரிப், நகரத்தைப் பிடித்தேன் என்று எங்கும் சொல்லவில்லை. பிடித்திருந்தால் சொல்லாமல் விடுகிற ராஜா அல்ல அவன்.

ஒரே இரவில் 1,85,000 பேர் செத்தார்கள் என்ற 19:35க்கு அசீரியப் பதிவு எதுவும் இல்லை. தங்கள் தோல்விகளை அசீரிய ராஜாக்கள் பட்டகத்தில் பொறிப்பதில்லை, ஆகவே அந்த மௌனம் மறுப்பு ஆகாது. ஆனால் ஆதாரமும் ஆகாது. நம் தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் பதிவேடான செக்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள்: பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) கிடக்கும் குழந்தையின் பெயர் அதில் இருக்காது, அதனால் அந்தக் குழந்தை தோட்டத்தில் இல்லை என்றாகிவிடுமா? அதே நேரம், இருந்தது என்று நிரூபிக்க அந்தச் செக்ரோலைக் காட்டவும் முடியாது. சனகெரிப்பின் படையை எலிகள் கெடுத்ததாகக் கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதியதைச் சிலர் இங்கே இழுத்து வருவார்கள். அவர் எழுதியது இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, இடமும் எகிப்தின் எல்லை. அதற்குக் கொடுக்கக்கூடிய எடை மிகக் குறைவு.

சனகெரிப்பைத் தன் பிள்ளைகளே கொன்றார்கள் என்ற 19:37ஐ, பாபிலோனியர் களிமண் பலகையில் எழுதிவைத்த ஆண்டுவாரிப் பதிவான பாபிலோனிய நாளாகமமும் உறுதிப்படுத்துகிறது, அங்கே கொன்றவன் ஒரு மகன். ஆண்டு கி.மு. 681. வசனத்தை வேகமாக வாசித்தால் ஊர் திரும்பிய கையோடு செத்தான் என்று தோன்றும். நடுவில் 20 ஆண்டு இருக்கிறது.

எசேக்கியா வெட்டிய வாய்க்காலையும் (20:20) சேர்த்துக்கொள்ளலாம். எருசலேமின் சீலோவாம் சுரங்கம் ஏறக்குறைய 533 மீட்டர். 1880இல் அதன் சுவரில் கண்டெடுத்த எழுத்து, இரு பக்கமிருந்தும் கொத்திவந்த வேலைக்காரர் நடுவில் சந்தித்ததைச் சொல்கிறது. ராஜாவின் பெயர் அதில் இல்லை. எழுத்தின் வடிவத்தைக் கொண்டும், பிறகு சாந்தில் இருந்த தாவரத் துணுக்குகளின் கார்பன் அளவைக் கொண்டும்தான் காலம் கி.மு. 700 அளவில் வைக்கப்பட்டது. ஆகவே "எசேக்கியாவின் பெயர் பொறித்த கல்வெட்டு" என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள்.

செங்கடலில் பார்வோனின் தேர்ச்சக்கரம் கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களுக்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை. எந்த அகழாய்வில், எந்த மண் அடுக்கில் எடுத்தது, இப்போது எங்கே இருக்கிறது, மற்ற ஆய்வாளர்கள் தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்டாலே போதும். வியாபாரி கையால் வெளிவந்த பொருளுக்கு அடுக்கு என்பது தொலைந்துபோன ஒன்று. 2002இல் வெளிப்பட்ட, இயேசுவின் சகோதரன் யாக்கோபுடையது என்று எழுத்துப் பொறித்த "யாக்கோபின் எலும்புப் பெட்டி" அப்படிப்பட்டது. போலி செய்ததாகத் தொடுத்த வழக்கில் 2012இல் விடுதலைத் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு எழுத்து அசல் என்று சொல்லவில்லை.

அடுத்த பாடத்துக்கு, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதாவின் ராஜா யோயாக்கீனை எடுங்கள். பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில், யூதாவின் ராஜா என்ற பட்டத்தோடு அவனுக்கும் அவன் ஐந்து பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. 2 இராஜாக்கள் 25:27-30இல் வரும் அவனுடைய சிறை விடுதலைக்கு இதை ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். பலகைகளோ பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் காலத்தவை, விடுதலை அந்த ராஜா செத்த பிறகு. யோயாக்கீன் பாபிலோனில் இருந்தான், ராஜா என்றே எழுதப்பட்டான், படி வாங்கினான் என்ற மூன்றுக்கும் டிக் போடுங்கள். விடுதலை வரியில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.