வழுக்கும் கத்திப் பிடி

பெருவிரலில் ஒரு வெட்டு விழுந்த பிறகுதான் என் கத்தியின் பிடியை ஒழுங்காகப் பார்த்தேன். வழவழப்பான பிளாஸ்டிக். கை ஈரமானால் நழுவாமல் என்ன செய்யும்!

முதலில் துணி டேப் சுற்றினேன். இரண்டே வாரத்தில் பிசுக்கு ஏறி நாற்றம். சரி, பிய்த்துப் போட்டாயிற்று.

அப்புறம் பிடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். அலகை அட்டையில் சுற்றிக் கட்டிவிட்டு, 120 எண் உப்புத்தாளால் தேய்த்தேன், குறுக்குவாட்டில். நீளவாக்கில் தேய்த்தால் கை சறுக்கும் திசையிலேயே கீறல்களும் ஓடும். பிடிமானம் அவ்வளவாகக் கிடைக்காது. பளபளப்பு போய்ப் பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரக் கையிலும் நிற்கிறது. கீறல்களில் அழுக்குச் சேராமல் இருக்கப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அவ்வப்போது தேய்த்துக் கழுவுகிறேன்.