டயாலிசிஸ் அப்பாவுக்கு உப்பு குறைந்த புரதம் தேடி அலைந்தது

டயாலிசிஸ் தொடங்கியதும் சாப்பாட்டு விதி தலைகீழாக மாறும் என்பதை எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதுவரை அப்பாவுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். பருப்பைக் கரண்டியில் அளந்து ஊற்றினோம். முட்டையை நிறுத்தியே விட்டோம். டயாலிசிஸ் ஆரம்பித்த வாரம் டாக்டர், "இனிமேல் புரதம் நிறையச் சாப்பிட வேண்டும், உப்பு மட்டும் கூடாது. உணவு ஆலோசகரிடம் தாள் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

உணவு ஆலோசகர் அன்று வரவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினார். அயோத்தியாப்பட்டணம் பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் முதல் வரியே "புரதத்தைக் குறைக்கவும்" என்று இருக்கிறது. டயாலிசிஸ் நிலைக்கு இன்னும் வராதவர்களுக்கான தாள் அது. மறுபடி சேலம் போய் அதே கவுன்ட்டரில் கேட்டேன். "கிட்னி நோயாளிகள் எல்லாருக்கும் இதே தாள்தானம்மா" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்தத் தாளை நம்பி, டயாலிசிஸ் செய்துகொண்டே முட்டையும் மீனும் இல்லாமல் வாடுகிற வீடுகள் எத்தனை இருக்குமோ. உங்களுக்கும் இப்படித் தாள் தந்தால், யாருக்கான தாள் என்று மேலே எழுதியிருக்கிறதா என்பதைக் கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

விஷயத்தைப் புரியவைத்தவர் டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் அக்கா. இரத்தம் இயந்திரத்தில் சுத்தமாகும்போது கழிவோடு, புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுகின்றன. அதனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. அப்பா 55 கிலோ. ஆக 55 முதல் 66 கிராம். உப்பு ஏன் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீர் கேட்கும், குடித்த தண்ணீர் சிறுநீராகப் போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். அடுத்த டயாலிசிஸில் அத்தனையையும் இழுக்கும்போது இரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அப்பா ஒவ்வொரு முறையும் காலைப் பிடித்துக்கொண்டு துடித்ததன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள். சமையலில் போடும் உப்பு மட்டுமல்ல, உணவிலேயே இருக்கும் சோடியமும் இந்தக் கணக்கில் சேரும்.

அடுத்து மருந்துக்கடை. புரதப் பொடி கேட்டதும் விற்பனையாளர் விலை அதிகமான டப்பாவை எடுத்து வைத்தார். டப்பாவைத் திருப்பினால், சத்து அட்டவணைக்கு மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். உரித்துக் காட்டச் சொன்னதற்கு முகம் சுளித்தார். "டாக்டர்களே எழுதித் தருவதுதானம்மா இது" என்றார். எந்த நோயாளிக்கு எழுதித் தருவது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஸ்டிக்கரை உரித்த பிறகுதான், டயாலிசிஸ் செய்பவர்களுக்கானது அல்ல, பொதுவான சத்துமாவு என்று தெரிந்தது. வாங்கவில்லை.

கிளம்பும்போது, "உப்புதானே பிரச்சினை? சோடியம் குறைந்த உப்பு இருக்கிறது, அதைக் கொண்டுபோங்கள்" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினார். இந்த இடத்தை மட்டும் எல்லாரும் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த உப்பில் சோடியத்தைக் குறைக்க, ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு கலக்கிறார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறும். ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இத்தகைய மாற்று உப்புகளைப் பற்றி வெளியிட்ட பரிந்துரைகூடச் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பொருந்தாது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொட்டாசியம் குளோரைடு என்ற பெயரை விரலால் காட்டி, "இதை டயாலிசிஸ் நோயாளிக்கா தருகிறீர்கள்?" என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் தன் பையிலிருந்த அதே பாக்கெட்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் சிறுநீரகக் கோளாறுதான். அந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த நிம்மதி அது. இந்துப்பு போட்டால் பாதகமில்லை என்று சொல்கிற சொந்தக்காரர்களையும் நம்ப வேண்டாம். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

பிறகு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பாக்கெட்டில் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று பார்த்து, அதைப் புரதத்தின் கிராமால் வகுத்துவிடுவது. 20 கிராம் புரதமும் 500 மில்லிகிராம் சோடியமும் இருந்தால், ஒரு கிராம் புரதத்துக்கு 25 மில்லிகிராம் சோடியத்தை விலையாகத் தருகிறோம். தோலில்லாத கோழி நெஞ்சுக்கறியில் அது சுமார் 3. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 70 மில்லிகிராம் சோடியம். ஆக 12 போல வரும். பாசிப்பருப்பில் ஒன்றுக்கும் கீழே. பாக்கெட்டில் "உப்பு" என்ற சொல்லைத் தேடினால் போதாது. அப்பளத்துக்குச் சேர்க்கும் அப்பளக்காரத்தில், சமையல் சோடாவில், அஜினமோட்டோவில், உறைந்த இறால் சிலவற்றில் சேர்க்கும் சோடியம் பாஸ்பேட்டில் என்று சோடியம் பல பெயர்களில் வரும். சிக்கன் மசாலாப் பொடிகள் பலவற்றில் உப்பு முன்னதாகவே கலந்திருக்கிறது. கடை இட்லி மாவு சிலவற்றிலும் அப்படித்தான்.

சோடியம் குறைந்த புரதம் லேபிளே ஒட்டாத பொருள்களில்தான் இருக்கிறது. காலையில் மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, கிட்டத்தட்ட 11 கிராம் புரதம். பாஸ்பரஸும் பொட்டாசியம் போலவே வெளியேறாமல் இரத்தத்தில் ஏறும்; மஞ்சள் கருவில் அது அதிகம் என்பதால் மஞ்சள் கரு பிள்ளைகளுக்கு. மதியம் மேட்டூர் அணையிலிருந்து வரும் கட்லாவோ ரோகுவோ, 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 18 கிராம். இரவில் கொஞ்சம் கோழி. மீதியை இட்லி, சோறு, ஒரு கிண்ணம் பருப்பு பார்த்துக்கொள்கின்றன. பருப்பையும் கடலையையும் புரதம் என்று அள்ளிப் போட முடியாது. பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஏறும். அளவை மாதாந்திர இரத்தப் பரிசோதனையைப் பார்த்து ஆலோசகர்தான் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் மட்டும் இருந்து சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பயறும் சுண்டலும் உப்பில்லாப் பொட்டுக்கடலையும் அவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.

கருவாடுதான் பெரும் போராட்டம். அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாத ஞாயிறு ஞாயிறே அல்ல. கருவாட்டில் புரதம் நிறைய, அது உண்மை. ஆனால் உப்பில் ஊறியே காய்கிறது. கழுவினாலும் முழுதாகப் போகாது. சாயங்காலத் தட்டுவடை செட்டையும் நிறுத்தினோம். பதிலுக்கு மீன் வறுவலில் ஏற்காடு மிளகைத் தாராளமாக அரைத்துப் போடுகிறேன். பூண்டு, இஞ்சி, கடைசியில் எலுமிச்சை பிழிகிறேன். அவருக்கு உரிய உப்பு, அரைத் தேக்கரண்டி தூளுப்பு, காலையிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாகப் போய்விடும். நாள் முழுக்க அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கல்லுப்பைக் கையால் அள்ளிப் போட்டால் இந்த அளவு நிற்காது.

நேரில் பார்க்கக் கிடைத்த பிறகு உணவு ஆலோசகர் நல்லவராகவே இருந்தார். சரியான தாளைத் தந்து, அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்தே அளவுகளை எழுதினார். 3.1 ஆக இருந்த அல்புமின் (இரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) இப்போது 3.6. இரண்டு டயாலிசிஸுக்கு இடையே ஏறும் எடையும் குறைந்திருக்கிறது. கால் பிடிப்பு அனேகமாக நின்றுவிட்டது. அடுத்த ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் கட்டுக்குள் இருந்தால், வாரத்தில் ஒரு நாள் கொண்டைக்கடலைச் சுண்டல் தரலாம் என்று சொல்லியிருக்கிறார். இரவே ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டு, உப்பைக் கிண்ணத்துக் கணக்கிலேயே எடுத்துத் தாளிக்க வேண்டுமாம்.