கொட்டாரத்துப் பரணி

தக்கலையில் எங்கள் வீட்டிலிருந்து பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதாவது பழைய திருவிதாங்கூர் அரண்மனைக்கு, நடந்தே போய்விடலாம். பால் வாங்கப் போவதே அந்தக் கோட்டைச் சுவரை ஒட்டித்தான். ஆனால் உள்ளே போவது, வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும். அதிலும் பாதித் தடவை, எல்லோருடைய பைகளுக்கும் காவலாக நான் வெளியே உட்கார்ந்துவிடுவேன். இந்த மே மாத லீவில்தான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். அதற்குத் திருவனந்தபுரம் வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

போனது என்னவோ மிருகக்காட்சிசாலைக்கு. பையனுக்கு எட்டு வயது, புலி பார்க்க வேண்டும். மகளுக்குப் பதிமூன்று, அவளுக்கு எதையும் பார்க்க வேண்டாம். அம்மா, "வீட்ல தனியா கிடந்து என்ன செய்ய, நானும் வாறேன் மக்கா" என்று பையைத் தூக்கிக்கொண்டாள். இரணியலில் ரயில் ஏறினோம். பாறசாலை வந்ததும் பெயர்ப்பலகையில் இருந்த மலையாளத்தை அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்க, மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "பாட்டி, உனக்கு இது தெரியுமா?"

தெரியாமல் எப்படி? 1956 நவம்பர் 1-ஆம் தேதி, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அம்மா சிறு வகுப்பில் இருந்தாள். அதற்குமுன் கற்ற எழுத்து இன்னும் மறக்கவில்லை.

புலி தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதே வளாகத்தில் நேப்பியர் மியூசியம். புதன்கிழமைகளில் மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள் என்பது வாசலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. விசாரிக்காமல் கிளம்பியது என் தப்பு. மரத்தடியில் புளிச்சாதம் சாப்பிட்டுக் காத்திருந்த நேரத்தில் கட்டடத்தை நன்றாகப் பார்க்க முடிந்தது. சென்னையில் கவர்னராக இருந்த நேப்பியரின் பெயரில், 1880-இல் கட்டி முடித்தது. வரைந்தவர் ராபர்ட் சிஸ்ஹோம், சென்னையில் செனட் ஹவுஸ் கட்டிய அதே ஆள். சிவப்பும் கறுப்புமாகச் செங்கல் வேலை, மேலே மரச் செதுக்கல் வைத்த கூர்முகடுகள். பையன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, கூரை நம்ம கொட்டாரம் மாதிரில்லா இருக்கு" என்றான். இத்தனை வருஷம் அந்தக் கூரைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் எனக்கு அது தோன்றவில்லை.

உள்ளே ஏசி கிடையாது, ஆனாலும் குளுமை. சுவரெல்லாம் கோடு கோடாக வண்ணம். வெண்கலச் சாமிகள் முன்னால் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகள் எங்களைத் தெரியாதவள் போல நாலடி தள்ளி நின்றாள். பிறகு அதே வளாகத்துக் கலைக்கூடத்தில் ரவிவர்மா படங்கள். அன்னத்தோடு தமயந்தி நிற்கும் படத்தைப் பார்த்ததும், "காலண்டர்ல வந்த படம்லா இது" என்றாள் அம்மா. 1899-இல் வரைந்தது. மகள் அங்கே மட்டும் போனைப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பையன் விடவில்லை. அந்தக் கூரையை மறுபடி பார்க்க வேண்டுமாம். சரி, கிளம்பினோம். இடம் தமிழ்நாடு, டிக்கெட் கேரளத் தொல்லியல் துறையினுடையது. "நம்ம ஊர்ல இருக்கத அவங்க எதுக்கு வச்சிருக்காங்க?" என்று கேட்டான். "அப்போ அவங்களும் நாமளும் ஒண்ணுலா மக்களே" என்றாள் அம்மா. திருவிதாங்கூரின் தலைநகரம் 1795-இல் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போன கதையை நான் விளக்கத் தொடங்கியபோது கேட்க யாரும் இல்லை, பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்துக்குள் போயிருந்தார்கள்.

பூமுகத்து மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்று போல் இன்னொன்று கிடையாது. பையன் எண்ண ஆரம்பித்து நாற்பத்தொன்றில் தவறவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் கருப்புத் தரை கண்ணாடி போலக் கிடந்தது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருக்க, மகள் குனிந்து அதில் முடியைச் சரிசெய்துகொண்டாள். அந்தத் தரை போட்டவர்களுக்கு இதைவிடப் பாராட்டு கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஊட்டுப்புரை. கீழ்த்தட்டில் ஆயிரம் பேர், மேல்தட்டில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் நீளக்கூடம். அங்கே வைத்திருக்கும் பெரிய சீனப் பரணிகளை, ஊறுகாய் ஜாடிகளை, பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள். வழிகாட்டி அடுத்த அறைக்குப் போயும் அவள் நகரவில்லை.

"நம்ம வீட்ல ஒண்ணு இருந்துல்லா. இம்புட்டு பெருசு இல்ல. அடுக்களை மூலையில."

எனக்கும் நினைவு வந்தது. மாங்காய் உப்பிலிட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கும் பழுப்புப் பரணி. அதன் கழுத்தைச் சுற்றி ஒரு பாம்பு மாதிரி ஏதோ இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பழைய சாமான் எடுக்க வந்தவர் மூன்று பிளாஸ்டிக் குடம் தந்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

"உங்க தாத்தாதான் எடுத்துக் குடுத்தாவ" என்றாள் அம்மா பேரனிடமும் பேத்தியிடமும். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். சிவப்புக் குடம் வேண்டும் என்று அழுது புரண்டது நான்.

அன்று ராத்திரி அம்மா என்னை மச்சில் ஏறிப் பார்க்கச் சொன்னாள். பழைய தொட்டில் கட்டை, அப்பாவின் குடை, இரண்டு பித்தளைக் கரண்டி. கடைசியில், ஒரு சாக்குக்குள், பரணியின் மூடி மட்டும் இருந்தது. விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். இப்போது காலையில் காக்கைக்குச் சோறு வைப்பது அதில்தான்.