நாலு மணிக்கு விழும் டேட்டாபேஸ்

பரந்தனில் இருந்து முரசுமோட்டைப் பக்கம் போகிற வீதியில் இருக்கும் ஒரு நெல் ஆலைக்கு நான்தான் கம்பியூட்டர் வேலை பார்க்கிறேன். தராசில் ஏறுகிற உழவு இயந்திரப் பெட்டியின் நிறை, நெல்லின் ஈரப்பதன், யாருடைய நெல், காசு கொடுத்தாயிற்றா இல்லையா, தராசில் நிற்கும்போது எடுத்த படம், எல்லாமே ஒரு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் போய் விழும். உபுண்டு லினக்ஸ் போட்ட, 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷின் ஒன்றுதான் சேர்வர். மாரி முழுக்க அது சத்தமில்லாமல் ஓடியது. மாசியில் காலபோக நெல் வரத் தொடங்கியதும்தான் கூத்து ஆரம்பித்தது.

“தம்பி, சிஸ்டம் திரும்பவும் நிண்டிட்டுது, வெளியில பத்துப் பெட்டி நிக்குது” என்று தராசடியில் இருக்கும் அக்கா அழைப்பார். நான் கிளிநொச்சியில் இருந்து மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய் இறங்கினால் எல்லாம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். பிழையைக் காட்டச் சொன்னால் காட்டாது. மைஎஸ்கியூஎல் செத்தால், லினக்ஸில் சேவைகளைக் கவனிக்கிற சிஸ்டம்டி அதைத் தானாகவே திரும்ப எழுப்பிவிடும், நான் போய்ச் சேருவதற்குள் தடயம் எதுவும் கண்ணில் படாது.

வன்னியில் எது நின்றாலும் முதலில் கரண்டைத்தான் திட்டுவோம், நானும் அதைத்தான் செய்தேன். எரர் லொக்கைத் திறந்தால் அதுவும் எனக்குச் சார்பாகவே சாட்சி சொன்னது: முறையாக மூடிய செய்தி எதுவும் இல்லை, வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் அப்படியே அறுந்து, அடுத்த வரியிலேயே இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லுக்குள் தரவைச் சேமிக்கிற பகுதி) கிராஷ் ரிக்கவரி, அதாவது திடீரென விழுந்தபின் தரவைச் சரிசெய்கிற வேலை, தொடங்கியதாக எழுதியிருந்தது. சரி, கரண்ட் போய் வந்திருக்கிறது என்று முடிவுகட்டி முதலாளியிடம் சொல்லி யுபிஎஸ் ஒன்று வாங்க வைத்தேன். மாட்டிய மறுநாளே திரும்பவும் விழுந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, யுபிஎஸ்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்ததாகச் செய்யப் பார்த்தது இன்னும் பெரிய மடைத்தனம். கிராஷ் ரிக்கவரி என்று கண்டதும் ஃபைல்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்து, இன்னோடிபி ஃபோர்ஸ் ரிக்கவரியை 6இல் போடப் போனேன். வவுனியாவில் இருக்கும் கூட்டாளி போனிலேயே கத்தினான். “தானா எழும்பிற மாட்டுக்கு ஏனடா கயிறு போட்டு இழுக்கிறாய்?” அவன் சொன்னது சரி. அது சேர்வர் எழும்பவே மாட்டேன் என்று கிடக்கும்போது தரவை வெளியில் எடுப்பதற்காக வைத்திருக்கிற வழி, 4இலோ அதற்கு மேலேயோ போட்டால் தரவே நிரந்தரமாகக் கெட்டுப்போகக்கூடும். அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை முழு டேட்டாபேஸையும் டம்ப், அதாவது ஒரு பிரதி, எடுத்து வெளி டிஸ்க் ஒன்றில் போட்டதுதான்.

திருப்பம் வந்தது ஒரு சீஆர் கொப்பியில் இருந்து. சிஸ்டம் நிற்கும் நேரங்களில் அக்கா நிறையை அந்தக் கொப்பியில் எழுதிவைத்துப் பிறகு ஏற்றுவார். ஓரத்தில் நேரமும் இருந்தது: 3.52 நிண்டிட்டுது. 4.06 நிண்டிட்டுது. 3.58. காலையில் ஒன்றுகூட இல்லை. கரண்ட் என்ன, மணிக்கூடு பார்த்தா போகும்?

அப்போதுதான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். மெஷின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று கேட்டால், யுபிஎஸ் மாட்டியதில் இருந்து 6 நாள் அணையவே இல்லை என்றது. மைஎஸ்கியூஎல் மட்டும் 40 நிமிடத்துக்கு முன் பிறந்திருந்தது. அப்படியென்றால் யாரோ அதைக் கொன்றிருக்கிறார்கள். சிஸ்டத்தின் பதிவுகளைக் காட்டுகிற ஜேர்னல்சிடிஎல் கட்டளையில், லினக்ஸின் மையமான கேர்னலின் பதிவுகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன், அவுட் ஒஃப் மெமரி என்ற வரியும் அதன் பக்கத்தில் மைஎஸ்கியூஎல்லின் பெயரும் இருந்தன. ரேம் தீர்ந்துபோனால் லினக்ஸ் யாராவது ஒருவரைப் பலி கொடுக்கும், பெரும்பாலும் அதிகம் பிடித்துவைத்திருப்பவரை. கொல்வது சிக்னல் 9இல், தடுக்கவே முடியாத நிறுத்தல் கட்டளை அது. கடைசி வார்த்தை எழுதக்கூட அவகாசம் கிடைக்காது, அதனால்தான் மைஎஸ்கியூஎல்லின் லொக்கில் கரண்ட் போனதும் கொலை நடந்ததும் ஒரே மாதிரித் தெரிகின்றன.

நாலு மணிக்கு என்ன நடக்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். கொழும்புக்கு லொறி ஏற்ற முதல், முதலாளி போனில் அந்த வாரக் கணக்கைத் திறப்பாராம். திறக்கச் சுணங்கினால் இன்னொருதரம் தட்டுவார். பிறகு இன்னொருதரம்.

அந்த ரிப்போர்ட்டை எழுதியது நான்தான். கூட்டுத்தொகைக்கு நாலு நிரல் போதும், நான் சோம்பலில் எல்லா நிரலையும் இழுத்திருந்தேன், தராசுப் படங்களையும் சேர்த்து. மாரியில் ஒரு வாரத்துக்குப் பத்துப் படம்கூட வராது, மாசியில் ஒரு நாளுக்கே 200 பெட்டி. மெமரி போதாது என்று பிஎச்பி (ரிப்போர்ட்டை எழுதிய மொழி) முன்பொருமுறை அழுதபோது, ஒருதரம் ஓடுவதற்கான அதன் எல்லையை 1 ஜிபிக்கு உயர்த்தி வாயை அடைத்தவனும் நானே. அதற்கு மேல், டேட்டாபேஸுக்கு ரேமில் முக்கால் பங்கு கொடுக்கலாம் என்று எங்கோ படித்துவிட்டு மைஎஸ்கியூஎல் தரவை ரேமில் வைத்திருக்கிற பஃபர் பூலை 3 ஜிபி ஆக்கி வைத்திருந்தேன். அந்தக் கணக்கு மைஎஸ்கியூஎல் தனியாகக் குடியிருக்கிற மெஷினுக்கு, இங்கே வெப் சேர்வரான அப்பாச்சியும் பிஎச்பியும் ஒரே கூரைக்குக் கீழே. பூல் முதல் நாளே முழு இடத்தையும் நிரப்பாது, தரவு வர வரத்தான் நிரம்பும், அதனால்தான் இத்தனை மாதம் தப்பியது. முதலாளி மூன்றுதரம் தட்டியதில் ரேமைத் தின்றது பிஎச்பி, அடி வாங்கியது மைஎஸ்கியூஎல்.

திருத்தியது அரை மணித்தியால வேலை. கூட்டலை டேட்டாபேஸுக்குள்ளேயே எஸ்கியூஎல்லில் செய்யவிட்டுப் படத்தை ரிப்போர்ட்டில் இருந்து கழற்றினேன். பஃபர் பூல் 1 ஜிபி. ரேம் போதாதபோது டிஸ்கில் கைகொடுக்கிற சுவாப் ஒரு துளியும் இல்லாதிருந்தது, அதற்கு 2 ஜிபி. பிஎச்பியின் எல்லையைப் பழைய 128 எம்பிக்கே இறக்கினேன், இனி அழுதால் அழட்டும். கொலைப் பட்டியலில் மைஎஸ்கியூஎல்லைக் கீழே தள்ளிவைக்க சிஸ்டம்டியில் வழி இருக்கிறது, நான் போடவில்லை, அப்படிச் செய்தால் வேறு யாராவதுதான் சாவார்கள். படங்களை டேபிளுக்கு வெளியே ஃபைலாக வைக்கிற வேலை சிறுபோகத்துக்கு முன் செய்ய வேண்டியது, இன்னும் கிடக்கிறது.

பங்குனியில் ஒருநாள் போயிருந்தபோது அக்காவின் கொப்பியைப் புரட்டினேன். கடைசியாக எழுதியிருந்த வரி: “2.15 கரண்ட் போயிட்டுது. சிஸ்டம் நிக்கேல்ல.”