அம்மாவின் பொருத்தனை

என்னைப் பெற்றபோது அம்மாவுக்கு வயது 44. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் அவளுக்கு அப்போது வைத்த பட்டப்பெயர் எலிசபெத்தம்மா. விவிலியத்தில் முதிர்ந்த வயதில் ஸ்நாபக அருளப்பரைப் பெற்றவள் எலிசபெத்து. சிலர் கேலியாகச் சொன்னார்கள், சிலர் பக்தியாக. அம்மா இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டாள். உண்டாகியிருப்பதாகச் சொன்னதும் அப்பா, "காமாலையா இருக்கும், கீழாநெல்லி அரைச்சுக் குடி" என்றாராம். நம்பாத எலிசபெத்தின் கணவர் செக்கரியாவுக்குக் கட்டியதுபோல இவருக்கும் சம்மனசு (தேவதூதர்) நாக்கைக் கட்டியிருக்க வேண்டும் என்று அப்பா சாகும்வரை அவரைக் கிண்டல் செய்தாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் ஸ்நாபக அருளப்பர் பெயரை வைத்து, எலிசபெத்தம்மா வீட்டு வாசலுக்கே கூட்டி வருகிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டதுதான் பொருத்தனை. பெயர் உடனே வைத்தாயிற்று. யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்று பொருள். அதனால்தான் நம் முன்னோர் அருளப்பர் என்றார்கள். தன் அப்பா பெயரான சவேரியாரை வைக்கவில்லையே என்று அப்பாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். "உன் உறவினருள் இப்பெயர் உடையவர் எவரும் இல்லையே" என்று எலிசபெத்து பிள்ளைக்குப் பெயர் வைத்தபோதும்தானே கேட்டார்கள்! வாசலுக்குக் கூட்டிப்போவதற்குத்தான் 38 வருஷமாகிவிட்டது. புனித பூமிப் பயணத்துக்குக் கிளம்பும்போது அம்மாவுக்கு 82 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன.

நாசரேத்தில், மாதாவுக்குச் சம்மனசு தூது சொன்ன இடத்திலுள்ள மங்கள வார்த்தைப் பேராலயக் கெபிக்கு (குகைக்கு) முன்னால் நண்பகல் திரிகால செபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். 'வாக்கு இங்கே மனுவுருவானார்' என்று பலிபீடத்தில் லத்தீனில் எழுதியிருப்பதை எங்களோடு வந்த ஃபாதர் படித்துச் சொன்னார். இங்கே! சின்ன வயதிலிருந்து மூன்று வேளையும் சொல்லும் செபம், அது நடந்த இடத்தில் நிற்கிறோம் என்றதும் எனக்கு வாய் ஓடவில்லை. அம்மா மட்டும் தெளிவாக இருந்தாள். "மாதா 'இது எப்படி ஆகும்'னு கேட்டதும் சம்மனசு என்ன அத்தாட்சி காட்டுச்சு தெரியுமாய்யா? எலிசபெத்தைத்தான். கிழவிக்கு ஆறு மாசம், கடவுளால் ஆகாதது ஒண்ணுமில்லைனு. முதல்ல கிழவி வயிறு, அப்புறம்தான் மாதா வயிறு" என்றாள். லூக்கா நற்செய்தியைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அந்த வரிசை எனக்குத் தோன்றியதே இல்லை.

பெத்லகேமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். பிறப்புப் பேராலயத்தில், குனிந்துதான் நுழைய வேண்டிய அந்தச் சின்ன வாசலில் அம்மாவுக்குக் குனிய வேண்டிய தேவையே இல்லை, கூன் ஏற்கெனவே விழுந்திருந்தது. கெபிக்கு இறங்க இரண்டு மணி நேர வரிசை. நடுவில் புகுந்த ஒரு கூட்டம் எங்களை இடித்துத் தள்ளியது. இயேசு பிறந்த இடத்தைக் குறிக்கும் வெள்ளி நட்சத்திரத்தை முத்தமிட்டு நிமிர்வதற்குள் பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தட்டினார். சரி, பாலனைப் பார்க்க எல்லாருக்கும்தானே ஆசை. வெளியே வந்தால் 'ஒன் டாலர், ஒன் டாலர்' என்று ஜெபமாலைகளோடு சுற்றிக்கொண்டார்கள். அதையும் தாங்கலாம். வழிகாட்டி எங்களை ஒலிவமரச் சிலைக்கடைக்குள் கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம் உட்கார்த்தியதைத்தான் தாங்க முடியவில்லை. காபியெல்லாம் கொடுத்தார்கள். கடைசியில், "நேரமாகிவிட்டது, எலிசபெத்தின் ஊரான எயின் கரீம் இன்றைக்கு முடியாது" என்றார்.

அம்மா பேருந்தின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. "ஃபாதர், நான் இதுக்குத்தான் வந்தேன். நீங்க எல்லாரும் அறைக்குப் போங்க, நானும் என் மகனும் நடந்து போயிக்கிறோம்" என்றாள். நடந்து! மாதா நாசரேத்திலிருந்து யூதேய மலைநாட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் விரைந்து போனாளே, இவளுக்கு இது என்ன தூரம். ஃபாதர் வழிகாட்டியைத் தனியாக அழைத்துப் பேசினார். நாற்பது நிமிடம் தந்தார்கள்.

எருசலேமின் மேற்கு ஓரத்தில் மலைச்சரிவில் இருக்கிறது எயின் கரீம். கீழே மரியன்னையின் ஊற்று. மேலே மரியன்னை எலிசபெத்தைச் சந்தித்த ஆலயம். இடையில் ஏற்றமும் படிகளும். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றோம். எங்கள் குழுவிலிருந்த ஒரு அக்கா பின்னாலிருந்து தாங்கிக்கொண்டே வந்தார். முற்றத்தில் இரண்டு கர்ப்பிணிகளும் எதிரெதிரே நிற்கும் சிலை. சுவர் முழுக்க 'ஆண்டவரை எனது உள்ளம் போற்றிப் பெருமைப்படுத்துகின்றது' என்ற மாதாவின் பாடல், ஓடுகளில், எத்தனையோ மொழிகளில். அம்மா அந்த எலிசபெத்தின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அருளப்பர் பிறந்த இடத்தில் கட்டிய ஆலயம் ஊருக்குள் தனியாக இருக்கிறது. மறுபடி இறக்கம். உள்ளே சுவரெல்லாம் நீலமும் வெள்ளையுமாய் ஓடுகள். பலிபீடத்துக்கு இடப்பக்கம் சில படிகள் இறங்கினால் கெபி. பெத்லகேமில் இருப்பதைப் போலவே இங்கும் தரையில் ஒரு நட்சத்திரம், ஆனால் பளிங்கில். ஆண்டவரின் முன்னோடி இங்கே பிறந்தார் என்று எழுதியிருக்கிறது. வரிசை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. ஆளே இல்லை. பாலனுக்கு அத்தனை கூட்டம், அவருக்கு வழி ஆயத்தம் செய்தவருக்கு நாங்கள் இரண்டு பேர்.

வேண்டாம் என்று சொல்லியும் அம்மா மண்டியிட்டாள். கைப்பையிலிருந்து செபப்புத்தகத்தை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து அந்த நட்சத்திரத்தின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். பளிங்கு சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டில் பேசுவதுபோல, "தாயே, பிள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, கேட்க ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆண்டவரே உமக்கு ஸ்தோத்திரம், மாதாவே உமக்கு ஸ்தோத்திரம், அருளப்பரே ஸ்தோத்திரம். 44 வயதில் பயப்படாதே என்று சொன்ன அந்த டாக்டரம்மாவுக்கும், பின்னாலிருந்து தாங்கிய அக்காவுக்கும் ஸ்தோத்திரம். அந்த வழிகாட்டிக்கும்தான், வீட்டில் இருக்கிற ஒலிவமரக் குடில் அவர் கூட்டிப்போன கடையில் வாங்கியது.

நாற்பது நிமிடம் ஒன்றேகால் மணி நேரமாகியிருந்தது. பேருந்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. யாரோ முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினார்கள். அம்மா ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்து, பெரிய பாதியை என்னிடம் கொடுத்தாள்.