முதலில் வேகத்தைக் காட்டுங்கள்

இதய சிமுலேஷன் என்று யாராவது கலர் கலராக வீடியோ ஓட்டினால் நான் கேட்பது ஒன்றுதான்: இதயத் தசையில் மின் அலை என்ன வேகத்தில் போகிறது? கம்ப்யூட்டரில் எத்தனை கோர், எத்தனை ஜிபியு என்பதெல்லாம் அப்புறம்.

ஓய்வில் -85 மில்லிவோல்ட்டில் கிடக்கும் தசைச் செல், தூண்டியதும் ஓரிரு மில்லி செகண்டில் பிளஸ்ஸுக்குத் தாவும். இறங்க 300 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். தாவும் முகப்பின் அகலம் திசுவில் சுமார் ஒரு மில்லிமீட்டர். மெஷ், அதாவது கணக்குப் போடும் புள்ளிகளின் வலை, அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அதற்குள் இரண்டு மூன்று புள்ளிதான் விழும். வீடியோ அழகாகவே வரும், வேகம்தான் பொய். இதயத் தசையில் உள்ள தழும்பைச் சுற்றி அலை திரும்பத் திரும்பச் சுழலுமா, அணைந்துவிடுமா என்பதே வேகத்தைப் பொறுத்த விஷயம். அது தப்பினால் மிச்சத்தை நம்பி என்ன பயன்?

2011-இல் 11 சிமுலேஷன் புரோகிராம்களுக்கு ஒரே கணக்கைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 20×7×3 மில்லிமீட்டர் தசைத் துண்டு. ஒரு மூலையில் தூண்டினால் எதிர்மூலைக்கு அலை எப்போது வரும்? 0.5 மில்லிமீட்டர் மெஷ்ஷில் ஆளுக்கொரு விடை. 0.1-க்கு இறங்கிய பிறகுதான் விடைகள் நெருங்கின.

இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் எட்டு மடங்காகும். வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) தசை 200 கன சென்டிமீட்டர் என்று வையுங்கள்: 0.2 மில்லிமீட்டரில் இரண்டரைக் கோடிப் புள்ளி. டென் டுஷர் 2006 என்ற செல் மாடலில் ஒவ்வொரு புள்ளிக்கும் 19 மாறிகள். டைம் ஸ்டெப் 0.02 மில்லி செகண்ட் என்றால் ஒரு விநாடி இதயத்துக்கு 50,000 ஸ்டெப். 1960-இல் டெனிஸ் நோபிள் ஃபெரான்டி மெர்குரி கம்ப்யூட்டரில் போட்டது ஒரே ஒரு பர்கின்ஜி நாரின் (இதயத்தில் மின் அலையைக் கடத்தும் நார்) கணக்கு. அதற்கே அந்த மெஷின் திணறியது.

இதில் செல் கணக்கு சமர்த்து. பக்கத்துப் புள்ளியைக் கேட்காமல் தன் வேலையைப் பார்க்கும், ஜிபியுவுக்கு அல்வா மாதிரி. அதில் வரும் எக்ஸ்பொனென்ஷியல்களை முன்கூட்டியே கணக்கிட்டு டேபிளில் போட்டு வைத்தால் இன்னும் வேகம். படுத்துவது பைடொமைன், அதாவது செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் மின்னழுத்தத்தைத் தனித்தனியே கணக்கிடும் மாடல். செல்லுக்கு வெளியேயான மின்னழுத்தத்துக்காக ஸ்டெப்புக்கு ஸ்டெப் இதயம் முழுவதற்கும் சேர்த்து ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும். அதைத் தீர்க்கும் சால்வரின் ஒவ்வொரு சுற்றிலும் எல்லா கோரும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் கோரைக் கூட்டினால் காத்திருப்புதான் கூடும்.

வெளியிலிருந்து ஷாக் கொடுப்பதை ஆராய்கிறீர்கள் என்றால் பைடொமைனை விட முடியாது. அலை பரவுவது மட்டும் போதுமென்றால் வெளி மின்னழுத்தத்தைத் தனியே தீர்க்காத எளிய மாடலான மோனோடொமைனே பெரும்பாலும் போதும். மிச்சமாகும் நேரத்தை மெஷ்ஷுக்குக் கொடுங்கள்.