யவீருவின் வீட்டுக்குப் போகும் வழியில்

பைபிளில் மாற்கு 5-ஆம் அதிகாரம் வாசிக்கும்போதெல்லாம், ஜெப ஆலயத் தலைவர்களில் ஒருவரான யவீருவை நினைத்துத்தான் எனக்குப் பதறும். 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். காலில் விழுந்து கெஞ்சி இயேசுவை அழைத்துப் போகிறார். பாதி வழியில் இயேசு நின்றுவிடுகிறார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை கூட்டம் நெருக்கும்போது இதென்ன கேள்வி என்று சீடர்களுக்கே புரியவில்லை. 12 வருடமாகப் பெரும்பாட்டால் (தீராத இரத்தப்போக்கால்) வதைபட்டு, குணமாக வேண்டி அவரைத் தொட்ட ஒரு அம்மா நடுங்கிக்கொண்டே வந்து உண்மையெல்லாம் சொல்கிறார். இயேசு நின்று கேட்கிறார். ஆம்புலன்ஸை நடுரோட்டில் நிறுத்தி நலம் விசாரிப்பது மாதிரி! அதற்குள் மகள் இறந்த செய்தி வந்துவிடுகிறது. அப்போதும் அவரிடம் பதற்றம் இல்லை. போய் எழுப்புகிறார். எழுப்பிய கையோடு, பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் இதை மறுபடி வாசித்தேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையாவது ஓடாமல் இருந்து பார்க்கிறேன். போன் பீரோவுக்குள். ஆராதனை முடிந்ததும் வண்டியை நோக்கிப் பாய்வதில்லை. வாசலில் பாட்டிமார் பிடித்துக்கொண்டால் முட்டிவலிக் கதையை முழுசாகக் கேட்கிறேன். ஒரு பாட்டி போன வாரம் பாதியில் நிறுத்தி, "உனக்கு வேலை இல்லையாய்யா?" என்று சந்தேகமாகப் பார்த்தார்.

சேகர கமிட்டி (சபை நிர்வாகக் குழு) அரசியல் பேச வருகிறவர்களைக் கண்டால் மட்டும் இன்னமும் ஓட்டம்தான்.